ஆறு பின்னோக்கி ஓடிய நாள்

சின்ன வயதில் செயின்ட் லூயிஸ் பள்ளியில் மேசைக்கடியில் பதுங்கப் பழக்குவார்கள். "நிலநடுக்கம் கலிபோர்னியாவில்தானே வரும், நமக்கு எதற்கு இது?" என்று நாங்கள் சிரிப்போம். நீங்களும் அப்படி நினைத்தால் இந்தக் கதை உங்களுக்குத்தான்.

மிசூரி மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் நியூ மேட்ரிட் என்றொரு சிற்றூர் உண்டு. 1811 டிசம்பர் 16 அன்று, இரவு இரண்டு மணிக்குப் பிறகு அந்தப் பகுதி குலுங்கியது. 1812 ஜனவரி 23, பிப்ரவரி 7 ஆகிய நாட்களில் மீண்டும் பெரிய அதிர்வுகள். மூன்றுமே 7 அல்லது அதற்கு மேற்பட்ட அளவுடையவை என்று கணிக்கிறார்கள். நிலம் பிளந்து மணலும் தண்ணீரும் பீறிட்டன. கடைசி அதிர்வில் ஆற்றின் அடித்தளமே உயர்ந்து, மிசிசிப்பி சிறிது நேரம் பின்னோக்கி ஓடியது. அப்போது தண்ணீர் தேங்கி உருவான ரீல்ஃபுட் ஏரி இன்றும் டென்னசியில் இருக்கிறது.

கண்டத்தின் நடுவில் ஏன் இப்படி? 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் இந்தக் கண்டம் இரண்டாகப் பிளக்கத் தொடங்கிப் பாதியில் நின்றுவிட்டது. அந்தப் பழைய காயம் ஆற்று வண்டலுக்கு அடியில் மறைந்திருக்கிறது. இங்குள்ள பாறை பழையது, இறுகியது. அதனால் அதிர்வு வெகுதூரம் போகும்.

1811தான் முதல் தடவை என்று பலர் நினைத்தார்கள். ஆனால் பீறிட்ட மணல் திட்டுகளைத் தோண்டியபோது, அவற்றோடு பூர்வகுடி மக்களின் பானை ஓடுகளும் கிடைத்தன. அவற்றை வைத்துக் காலம் கணித்தால், சுமார் 1450இலும் 900இலும் இதேபோல் நடந்திருக்கிறது. குடியேறியவர்கள் எழுதத் தொடங்கியதும்தான் வரலாறு தொடங்கியது என்றில்லை, பாருங்கள்.

அடுத்தது எப்போது? 1990இல் ஒருவர் டிசம்பர் 3 என்று நாள் குறித்தார். பள்ளிகளை மூடினார்கள், ஒன்றும் நடக்கவில்லை. நாள் குறிக்க யாராலும் முடியாது. அடுத்த 50 ஆண்டுகளில் 1811 போன்ற ஒன்று வர 7 முதல் 10 சதவீதம் வாய்ப்பு என்பதே அறிவியலாளர்கள் சொல்லும் கணக்கு. அன்று ஆட்கள் குறைவாக இருந்த இடம் அது. இன்று அருகிலுள்ள மெம்பிஸ் நகரில் மட்டும் சுமார் 6 லட்சம் பேர். பழைய செங்கல் கட்டடங்களும் ஏராளம்.

பயப்படச் சொல்லவில்லை. அந்தப் பக்கம் இருப்பவர்கள் இன்று அப்பாவிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: வீட்டில் வெந்நீர்த் தொட்டியைச் சுவரோடு சேர்த்துக் கட்டியிருக்கிறோமா? அடுத்த முறை மேசைக்கடியில் பதுங்கச் சொன்னால், என்னைப்போல் சிரிக்காதீர்கள்.