மோட்டார்சைக்கிள் செயின்: துப்புரவும் எண்ணெயிடலும்

கியர்பெட்டியிலிருந்து வெளிவரும் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுசேர்க்கும் உருளைச் சங்கிலியே மோட்டார்சைக்கிளின் செயின். கியர்ப் பற்களெல்லாம் மூடிய பெட்டிக்குள் எண்ணெயில் நனைந்தபடி சுழலும். செயினுக்கு மட்டும் அந்தச் சொகுசு இல்லை. புழுதியிலும் மழையிலும் ஓடுவதால் அதை அவ்வப்போது துடைத்து எண்ணெய் இட வேண்டியிருக்கிறது. இன்றும் புழங்கும் இந்த வடிவத்துக்கு 1880-இல் காப்புரிமை பெற்றவர் ஹான்ஸ் ரெனால்ட். சுவிட்சர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தின் மான்செஸ்டரில் தொழில் நடத்தியவர்.

அமைப்பும் தேய்மானமும்

செயினின் ஒவ்வொரு மூட்டிலும் ஒரு முளை இருக்கும். அதைச் சுற்றி புஷ் என்னும் குழல், அதற்கும் வெளியே ஸ்பிராக்கெட் என்னும் பல்சக்கரத்தின் பல்லில் உட்காரும் உருளை. இரு பக்கமும் தட்டுகள் இவற்றைப் பிணைக்கின்றன. செயின் பல்சக்கரத்தில் ஏறி வளையும்போதெல்லாம் முளை புஷ்ஷுக்குள் சற்றே திரும்புகிறது. தேய்மானம் நடக்கும் முக்கிய இடம் இதுதான். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. தட்டுகளின் வெளிப்புறம் பளபளப்பதால் செயினுக்கு ஆயுள் கூடிவிடுவதில்லை.

‘செயின் நீண்டுவிட்டது’ என்று ஷெட்டில் சொல்கிறார்கள். உண்மையில் இரும்பு இழுபட்டு நீள்வதில்லை. ஒவ்வொரு மூட்டிலும் 0.1 மி.மீ. தேய்ந்தாலே, நூற்றுக்கு மேற்பட்ட மூட்டுகள் கொண்ட செயினில் மொத்த நீளம் 1 செ.மீ.க்கு மேல் கூடிவிடும். செயின் தொய்ந்து சத்தமிடுவது அதனால்தான்.

தட்டில் பொறித்திருக்கும் எண்ணிலும் பொருள் உண்டு. அதன் முதல் இலக்கம், ஒரு முளைக்கும் அடுத்த முளைக்கும் உள்ள தூரத்தை அரைக்கால் அங்குலக் கணக்கில் சொல்கிறது. 100, 125 சிசி வண்டிகளில் பரவலாக உள்ள 428 செயினில் அது 12.7 மி.மீ.; பெரிய வண்டிகளின் 520, 525, 530 வகைகளில் 15.875 மி.மீ.

ஓ-ரிங் செயின்

1970களில் பரவத் தொடங்கிய ஓ-ரிங் செயின் பராமரிப்பின் தன்மையையே மாற்றியது. தயாரிக்கும்போதே முளைக்கும் புஷ்ஷுக்கும் இடையே கிரீஸை அடைத்து, தட்டுகளுக்கு நடுவே ரப்பர் வளையம் வைத்து மூடிவிடுகிறார்கள். எக்ஸ்-ரிங் என்பது அதன் மேம்பட்ட வடிவம். அப்படியானால் நாம் இடும் எண்ணெய் எதற்கு? புஷ்ஷுக்கும் உருளைக்கும் நடுவில் வளையக் காப்பு கிடையாது, அங்கே எண்ணெய் வேண்டும். ரப்பர் காய்ந்து வெடிக்காமலும் தட்டுகள் துருப்பிடிக்காமலும் இருக்கவும் அது வேண்டும். வளையம் ஒன்று அறுந்து உள்ளிருக்கும் கிரீஸ் வெளியேறிவிட்டால் எந்த ஸ்பிரேயாலும் அதைத் திரும்ப உள்ளே செலுத்த முடியாது. சுத்தம் செய்வதில் உள்ள கட்டுப்பாடுகள் பெரும்பாலும் இந்த ரப்பரை முன்னிட்டே சொல்லப்படுபவை.

துப்புரவு

பொதுவாக ஏற்கப்பட்ட கழுவுபொருள் மண்ணெண்ணெய், அல்லது அதற்கென்றே விற்கும் செயின் கிளீனர். பெட்ரோலும் தின்னரும் ரப்பரைக் கெடுக்கும். பெட்ரோல் தீப்பிடிக்கும் ஆபத்து வேறு. கம்பி பிரஷ் வளையங்களைக் கீறிவிடும் என்பதால் நைலான் பிரஷே ஏற்றது, பழைய டூத் பிரஷ்ஷும் போதும். வாட்டர் சர்வீஸில் அழுத்தமாகப் பீய்ச்சும் தண்ணீரை மூட்டுகளுக்கு நேராகப் பிடிக்கக் கூடாது. சர்வீஸ் முடிந்து எண்ணெய் இடாமல் நிறுத்தி வைத்த வண்டியில் மறுநாளே செம்பழுப்புத் துரு தெரியும். கடற்கரை ஊர்களில் இது இன்னும் விரைவு.

வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் வைத்து, பின்சக்கரத்தைக் கையால் சுற்றியபடியே தேய்க்க வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு, கியரில் போட்டு, தானாகச் சுழலும் செயினில் துணியைப் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். துணியோடு விரலும் ஸ்பிராக்கெட்டுக்குள் போய்த் துண்டாகும் விபத்துகளுக்கு இந்தச் சோம்பலே காரணம். கழுவிய பின் பனியன் வேஸ்ட்டால் ஈரம் போகத் துடைத்து உலரவிட வேண்டும்.

எண்ணெயிடல்

கொஞ்ச தூரம் ஓட்டி, செயின் இளஞ்சூடாக இருக்கும்போது இடுவது நல்லது. எண்ணெயைச் செயினின் உள்பக்கத்தில், அதாவது கீழ்ச்சரட்டின் மேற்புறத்தில் விட வேண்டும். ஓடும்போது சுழற்சி விசை அதை வெளிநோக்கித் தள்ளுவதால் உருளைகளுக்குள்ளும் தட்டுகளின் இடுக்குகளிலும் இறங்கும். வெளிப்பக்கத்தில் விட்டால் பெரும்பகுதி சக்கரத்தின் விளிம்பில்தான் தெறிக்கும். இட்ட பிறகு சிறிது நேரம் ஊறவிட்டு, மிகுதியைத் துடைத்துவிட வேண்டும். டயரிலோ டிஸ்க்கிலோ ஒரு துளி பட்டாலும் உடனே துடைப்பது அவசியம். பிரேக் பிடிக்காமல் போகும்.

எஸ்ஏஇ 90 கியர் ஆயில் மலிவு, நன்றாக ஊடுருவும், ஆனால் தெறிக்கும். ஸ்பிரே லூப் ஒட்டி நிற்கும், கூடவே புழுதியையும் பிடித்து வைக்கும். மெழுகு வகை சுத்தமாக இருக்கும், விலைதான் அதிகம். அன்றாடம் ஓடும் வண்டிக்குக் கியர் ஆயிலே தாராளம். எதை இடுகிறோம் என்பதைவிட எத்தனை நாளைக்கொருமுறை இடுகிறோம் என்பதே ஆயுளைத் தீர்மானிக்கிறது. வழக்கமான கணக்கு 500 முதல் 1,000 கி.மீ.; மழையிலோ மண்சாலையிலோ ஓடினால் அதற்கும் முன்னதாக.

வடித்த பழைய எஞ்சின் ஆயிலைச் செயினில் ஊற்றும் வழக்கம் இங்கே நெடுங்காலமாக உண்டு. அதில் உலோகத் துகளும் கரியும் கலந்திருக்கும். வெளியே கிரீஸை அப்புவது அதைவிடக் கேடு. கெட்டியான கிரீஸ் மூட்டுக்குள் இறங்காது; மேலேயே மணலைச் சேர்த்து உப்புத்தாள் போல உருளைகளை அராவும். பழைய காலத்துப் பிரிட்டனில் கிரீஸ் இட்டதும் உண்டுதான், ஆனால் அது வேறு முறை: செயினைக் கழற்றி, உருக்கிய கிராஃபைட் கிரீஸில் போட்டு ஊறவைப்பார்கள். உருகிய நிலையில் அது மூட்டுக்குள் புகும். ஓ-ரிங் செயினுக்கு இது ஆகாது.

முழு மூடி

செயினை முழுவதுமாக மூடும் தகர உறை, இந்தியாவின் சிறிய வண்டிகளில் காணும் ஓர் அறிவார்ந்த ஏற்பாடு. ஹீரோ ஸ்பிளெண்டர் அதற்கு நன்கறிந்த உதாரணம். புழுதி உள்ளே போகாததால் ஓ-ரிங் இல்லாத சாதாரணச் செயினும் நீண்ட நாள் உழைக்கும். அழகு கருதி உறையைக் கழற்றி எறியும் இளைஞர்கள் செயின் கிட் வாங்கும் செலவையும் சேர்த்தே ஏற்கிறார்கள்.

தொய்வும் மாற்றமும்

எண்ணெயிட்டதும் தொய்வைப் பார்ப்பது நடைமுறை. இரு ஸ்பிராக்கெட்டுகளுக்கும் நடுவில் கீழ்ச்சரட்டை விரலால் மேலும் கீழும் அசைத்தால், சிறிய வண்டிகள் பலவற்றில் 20 முதல் 30 மி.மீ. வரை ஆட்டம் இருக்கலாம். சரியான அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பல இடங்களில் பார்த்து, மிக இறுக்கமான இடத்தை வைத்தே சரிசெய்ய வேண்டும். அளவுக்கு மீறி இறுக்குவது தொய்வைவிடத் தீங்கு. கியர்பெட்டியின் பேரிங்கையும் அது தின்றுவிடும்.

பின் ஸ்பிராக்கெட்டின் கடைக்கோடியில் செயினைப் பிடித்து இழுத்தால் பல் பாதி தெரியும்படி விலகினாலோ, பற்கள் கொக்கி போல வளைந்திருந்தாலோ எண்ணெயால் இனிப் பயனில்லை. செயினையும் இரு ஸ்பிராக்கெட்டுகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும், தேய்ந்த பல்லில் ஏறும் புதுச் செயின் விரைவில் தேய்ந்துவிடும். கிளிப் லாக் உள்ள செயினாக இருந்தால், கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கி இருக்குமாறு மாட்டுவது முறை. மாறி மாட்டினால் எதிலாவது உரசிக் கிளிப் கழன்று விழக்கூடும்.