லூப்பு போய் காப்பர் டி வந்த கதை

இன்னிக்கு காப்பர் டி என்று சொல்வதை நம்ம பாட்டிமார்களிடம் சொன்னால், "லூப்பா? ஐயோ, அது வேணாம்டி" என்பார்கள். ரெண்டும் ஒண்ணில்லை. ஆனாலும் அந்த பயம் சும்மா வந்ததும் இல்லை.

அமெரிக்காவில் பஃபலோ நகரத்து டாக்டர் ஜாக் லிப்பிஸ் 1960களின் தொடக்கத்தில் உருவாக்கியது லிப்பிஸ் லூப். பாம்பு மாதிரி நெளிந்த பிளாஸ்டிக், அடியில் நூல். அவ்வளவுதான். 1965ல் இந்திய அரசு இதைக் கையில் எடுத்தது. ஆபரேஷன் வேண்டாம், தினம் மாத்திரை வேண்டாம், விலையும் சல்லிசு. டெல்லிக்கு இதைவிட என்ன வேணும்? 1966-67ல் மட்டும் சுமார் 9 லட்சம் பெண்களுக்குப் போட்டார்கள். இலக்கு வைத்து, ஒரு லூப்புக்கு 11 ரூபாய் என்று மாநிலங்களுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தது மத்திய அரசு.

அடுத்த வருஷமே இறங்குமுகம். காரணம் ரத்தப்போக்கு. ஏற்கெனவே ரத்தசோகையில் இருக்கிற பெண்ணுக்கு மாசாமாசம் கூடுதலாகப் போனால் என்னாகும்? போய்ச் சொல்ல பக்கத்தில் பெண் டாக்டர் கிடையாது. முகாம் போட்டவர்களோ அடுத்த ஊருக்குப் போயாச்சு. இதை 'வதந்தி பரவியதால் தோல்வி' என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. வதந்தியும் இருந்தது, சரி. ரத்தம் நிஜம்தானே?

1969ல் பெரிய ஆஸ்பத்திரிகளில் பிரசவத்துக்குப் பிந்தைய திட்டம் என்று ஒன்று ஆரம்பித்தார்கள். பிள்ளை பெற்றவள் எப்படியும் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், அப்போதே பேசிவிடலாம் என்பது யோசனை. நடைமுறையில் அது பெரும்பாலும் கருத்தடை ஆபரேஷனாகவே முடிந்தது. இடைவெளி விட நினைத்தவளுக்கும் நிரந்தரமாக நிறுத்த நினைத்தவளுக்கும் வித்தியாசம் பார்க்க ஆளில்லை.

நடுவில் சிலி நாட்டு டாக்டர் ஹைமே ஸிப்பர் தாமிரம் கருத்தரிப்பதைத் தடுக்கிறது என்று கண்டுபிடித்தார். ஹோவர்ட் டேட்டம் செய்த டி வடிவத்தில் தாமிரக் கம்பியைச் சுற்றினார்கள். 380ஏ என்ற வகை 10 வருஷம் வேலை செய்யும், தாய்ப்பாலுக்கும் தொந்தரவில்லை. இந்தியத் திட்டத்தில் 2002ல் வந்தது. 2005ல் ஜனனி சுரக்ஷா யோஜனா வந்தபின் ஆஸ்பத்திரிப் பிரசவங்கள் கூட, பழைய யோசனைக்கு மறுபடி உயிர் வந்தது. நஞ்சுக்கொடி விழுந்த 10 நிமிஷத்துக்குள், இல்லாவிட்டால் 48 மணி நேரத்துக்குள் போடணும். அதைத் தவறவிட்டால் 6 வாரம் காத்திருக்கணும்.

இதற்கான சம்மதத்தை கர்ப்ப காலத்திலேயே பேசி வாங்கணும், வலியில் துடிக்கும்போது கேட்கக் கூடாது என்பது விதி. கூட்டம் நெரியும் பிரசவ வார்டுகளில் அது எவ்வளவு தூரம் நடக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். பிரசவமான கையோடு போட்டால் தானாக வெளியே வந்துவிடும் வாய்ப்பும் கொஞ்சம் அதிகம். அதனால் 6 வாரத்தில் ஒருமுறை காட்டணும். 1966ல் விட்டுப்போனது இந்த செக்கப்தான்.