விழுந்தது ஏன்? – தொடக்கக் காலப் படைத்துறை வானூர்தி விபத்துகள்



1903ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள், ரைட் உடன்பிறப்புகள் வானில் பறந்தனர் என்பதை நம் மாணவர்கள் நன்கறிவர். வினாடி வினாப் போட்டிகளில் இக்கேள்வி வராத ஆண்டே இல்லை எனலாம். ஆனால், அந்த வெற்றிக்குப் பிந்திய பத்து ஆண்டுகளில் எத்தனை இளைஞர்கள் விழுந்து மடிந்தனர், அவர்கள் ஏன் விழுந்தனர் என்பதை நாம் அவர்களுக்குச் சொல்வதில்லை. என்னைக் கேட்டால், பறந்த கதையைவிட விழுந்த கதையில்தான் ஆசிரியர்களாகிய நமக்குப் பாடம் மிகுதி.

முதல் உயிரிழப்பு

1908ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனை அடுத்த ஃபோர்ட் மையர் படைத்தளத்தில், ஆர்வில் ரைட் தம் விமானத்தைத் தரைப்படைக்கு ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். உடன் அமர்ந்திருந்தவர் 26 அகவை நிரம்பிய லெப்டினன்ட் தாமஸ் செல்ஃப்ரிட்ஜ். தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் குழுவில் சேர்ந்து விமானம் வடிவமைத்த அறிவாளர் அவர்.

விமானம் திடலைச் சில முறை சுற்றி வந்தது. திடீரென்று பின்புறத்தில் மெல்லிய தட்டல் ஓசை எழுந்தது. அடுத்த சில நொடிகளில் விமானம் மூக்குக் குப்புறத் தரையில் மோதியது. ஆர்வில் ரைட்டின் இடத் தொடையும் விலா எலும்புகளும் முறிந்தன. மண்டை உடைந்த செல்ஃப்ரிட்ஜ் அன்றிரவே உயிர் நீத்தார். இயந்திர விமான விபத்தில் மாண்ட முதல் மனிதர் அவரே.

இதன்பின் நடந்ததுதான் கவனிக்கத்தக்கது. ஆர்வில் ரைட் படுத்த படுக்கையாக இருந்தபோதே, உடைந்த உறுப்புகளைத் தம்மிடம் கொண்டுவரச் செய்து ஆராய்ந்தார். உந்துவிசிறியின் ஓர் இதழ் நீளவாக்கில் பிளந்திருந்தது. பிளந்த இதழ் காற்றைத் தள்ளும் வலுவை இழந்ததால் விசிறி அதிர்ந்தது. அதிர்ந்த விசிறி, வால் சுக்கானைத் தாங்கிய இழுகம்பியில் மோதியது. கம்பி அறுந்து, சுக்கான் சாய்ந்து, விமானம் கவிழ்ந்தது. ஒரு மரப்பிளவிலிருந்து ஓர் உயிரிழப்பு வரை, காரணங்கள் சங்கிலியாகக் கோக்கப்பட்டன. மறு ஆண்டு அதே திடலுக்குத் திருத்திய விமானத்துடன் அவர் திரும்பி வந்தார். 1909 ஆகஸ்ட் மாதம் தரைப்படை அதனை 30,000 டாலருக்கு ஏற்றுக்கொண்டது.

பழி யார்மீது?

ஆயினும், எல்லா விபத்துகளும் இவ்வாறு பொறுமையாக ஆராயப்படவில்லை. 1912 முதல் அமெரிக்கத் தரைப்படை பயன்படுத்திய ரைட் 'சி' வகை விமானத்தின் கதை வேறு. அவ்வாண்டு ஜூன் 11ஆம் நாள், மேரிலாந்தின் காலேஜ் பார்க் தளத்தில் அவ்வகை விமானம் விழுந்து, ஆர்தர் வெல்ஷ் என்னும் விமானியும் லெப்டினன்ட் ஹேசல்ஹர்ஸ்டும் இறந்தனர். தொடர்ந்து ஒன்றன்பின் ஒன்றாக ஆறு விமானங்கள் நொறுங்கின. 1914 பிப்ரவரியில் லெப்டினன்ட் ஹென்றி போஸ்ட், சான் டியேகோவில் மாண்டார்.

விமானிகள் மூக்கை அளவுக்கு மீறி உயர்த்தியதால் இறக்கைகள் காற்றின் தாங்குதலை இழந்தன. எனவே குறை ஓட்டியவரிடமே உள்ளது என்பது ஆர்வில் ரைட்டின் கருத்து. தாம் உடைந்த விசிறியைக் கையில் ஏந்திக் காரணம் தேடிய அதே மனிதர்தாம் இவ்வாறு சொன்னார்! விமானம் எந்தக் கோணத்தில் பறக்கிறது எனக் காட்டும் கருவியொன்றையும் அவர் உருவாக்கினார். அவர் கூற்றில் உண்மை இல்லாமலும் இல்லை. ஆனால், தரைப்படை நியமித்த பொறியியலாளர் குரோவர் லோனிங் வேறொன்றைக் கண்டார். அவ்வகை விமானத்தின் வடிவமைப்பே பறப்பதற்குத் தகுதியற்றது என்றார். மேலும், அதில் பொறி விமானியின் பின்புறம் இருந்தது. விமானம் மூக்குக் குத்தி விழும்போது, கனத்த பொறி பெயர்ந்து வந்து விமானியை நசுக்கியது. சிறிய தவறும் மரண தண்டனை ஆயிற்று. 1914இல் தரைப்படை பின்பொறி விமானங்களைக் கைவிட்டு, பொறி முன்னால் அமைந்த விமானங்களுக்கு மாறியது.

மனிதன் தவறு செய்வான் என்பது எதிர்பார்க்கத் தக்கதே. அத்தவறு அவன் உயிரைக் குடிக்காதவாறு பொருளை அமைப்பதே அறிவுடைமை. இவ்வுண்மையை ஏற்க இத்தனை உயிர்கள் தேவைப்பட்டன.

இனத்தையே விலக்குதல்

பிரிட்டனில் வேறொரு வகைப் பிழை நிகழ்ந்தது. 1912 செப்டம்பர் 6ஆம் நாளும் 10ஆம் நாளும் இரண்டு விமானங்கள் விழுந்து, நான்கு படை அதிகாரிகள் இறந்தனர். இரண்டுமே ஒற்றைச் சிறகடுக்கு விமானங்கள். உடனே பிரிட்டிஷ் போர்த்துறை அமைச்சகம், தரைப்படை விமானிகள் ஒற்றைச் சிறகடுக்கு விமானங்களில் பறக்கத் தடை விதித்தது. பின்னர் அமர்த்தப்பட்ட ஆய்வுக் குழுவோ, சிறகு ஓரடுக்காய் இருந்தது விபத்துகளுக்குக் காரணமன்று என அறிவித்தது. ஆக்ஸ்ஃபோர்டு அருகே விழுந்த விமானத்தில், ஒரு பட்டையின் கொக்கி பறக்கும்போதே கழன்று, சிறகின் துணியைக் கிழித்திருந்தது. குற்றவாளி ஒரு சிறு கொக்கி. தண்டனையோ ஓர் இனத்துக்கே! இரண்டு மாணவர் தேறவில்லை என்பதற்காக வகுப்பு முழுவதையும் 'பின்தங்கிய வகுப்பு' என முத்திரை குத்துவதற்கும் இதற்கும் வேறுபாடு மிகுதியில்லை.

மறைக்கப்பட்ட முறிவு

இவை யாவற்றினும் என் மனத்தை உறுத்துவது, 1913 மே 27ஆம் நாள் ஸ்காட்லாந்தின் மொன்ட்ரோஸ் தளத்தில் நேர்ந்த விபத்து. அயர்லாந்தைச் சேர்ந்த லெப்டினன்ட் டெஸ்மண்ட் ஆர்தர் ஓட்டிய விமானத்தின் சிறகு வானிலேயே முறிந்தது. அரச வானூர்திக் கழகத்தின் விசாரணையில் உண்மை வெளிப்பட்டது. சிறகின் உள்ளிருந்த மரச்சட்டம் அதற்கு முன்பே எப்போதோ உடைந்திருந்தது. யாரோ அதனை அரைகுறையாக ஒட்டுப்போட்டு, மேலே புதுத் துணியைப் போர்த்தி மூடிவிட்டிருந்தனர். அவர் யாரென்று இறுதிவரை தெரியவில்லை. பின்னாளில் அத்தளத்தில் ஆர்தரின் ஆவி உலவுவதாகக் கதை பரவியது. ஆவியை நான் நம்புவதில்லை. ஆனால் அக்கதை ஏன் பிறந்தது என்பது எனக்குப் புரிகிறது.

உடைத்தவர் ஏன் மறைத்தார்? நாம் அறியோம். ஆனால், உடைத்ததைச் சொன்னால் தண்டனை நிச்சயம் என்னும் இடத்தில் உடைப்புகள் மறைக்கப்படும் என்பதை, வகுப்பறையில் நிற்கும் எவரும் அறிவர். சோதனைத் தாளைப் பையின் அடியில் ஒளித்து வைக்கும் பிள்ளையும் துணியைப் போர்த்துகிறது.

அச்சத்தைக் கற்பித்தவர்

அக்கால விமானிகள் மிகவும் அஞ்சியது சுழல்வீழ்ச்சிக்கே. வேகம் குன்றிய விமானம், பம்பரம்போல் சுழன்றுகொண்டே கீழே விழும். விமானி இயல்பாகவே மூக்கைத் தூக்கப் பிடியை இழுப்பார்; அதுவே நிலைமையை மோசமாக்கும். 1912 ஆகஸ்ட் 25ஆம் நாள், பிரிட்டிஷ் கடற்படை லெப்டினன்ட் வில்ஃபிரட் பார்க் இதில் சிக்கினார். தரை நெருங்கிய கடைசிக் கணத்தில், சுழற்சிக்கு எதிர்ப்புறமாகச் சுக்கானை மிதித்துத் தப்பினார். செய்ததை ஒளிக்காமல் விவரித்தார். அது பதிவு செய்யப்பட்டது. ஆனால், அவ்வறிவு பரவ ஆண்டுகள் பல ஆயின. பார்க்கும் அதே டிசம்பரில் வேறொரு விபத்தில் மாண்டார். 1917இல் ஃபார்ன்பரோவில் பிரெடரிக் லிண்டமன் என்னும் அறிவியலறிஞர், தாமே விமானம் ஓட்டக் கற்று, வேண்டுமென்றே சுழல்வீழ்ச்சியில் இறங்கி அளவுகளைக் குறித்து வந்தார்.

முதல் உலகப் போரின்போது, சில மணி நேரமே பறந்த இளைஞர்கள் போர்முனைக்கு அனுப்பப்பட்டனர். பயிற்சியிலேயே பலர் மடிந்தனர். இதனைக் கண்டு கொதித்தவர் ராபர்ட் ஸ்மித்-பேரி. 1914இல் விபத்தொன்றில் கால்கள் முறிந்தவர் அவர். 1917இல் இங்கிலாந்தின் காஸ்போர்ட்டில் அவர் அமைத்த பயிற்சிமுறை, கற்பித்தலையே மாற்றியது. ஆசிரியருக்கும் மாணவருக்கும் தனித்தனி இயக்குபிடிகள். பொறியின் இரைச்சலில் பேச ஒரு குழாய். அதுவரை 'அதைச் செய்யாதே' என்று தடுக்கப்பட்ட ஆபத்தான அசைவுகளை, ஆசிரியர் உடனிருக்க மாணவரே செய்து, தாமே மீளக் கற்றார். ஏன் விழுகிறோம் என அறிந்தவர் அஞ்சவில்லை. அம்முறை பிற பயிற்சிப் பள்ளிகளுக்கும் பரவியது.

நாம் கற்க வேண்டியது

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் குறைநீக்கல் போதனை பற்றி நான் படித்தேன். ஒரு பிள்ளையின் பிழையைக் கண்டால், முதலில் அப்பிழை எவ்வாறு பிறந்தது எனக் கண்டறிய வேண்டும் என்றனர். காஸ்போர்ட்டில் நடந்ததும் அதுவே. 'கவனமில்லை', 'சோம்பல்' என்னும் சொற்கள், 'விமானியின் தவறு' என்பதைப் போன்றவை. சில வேளைகளில் அவை உண்மை. ஆனால், அங்கேயே நின்றுவிட்டால், பிளந்த விசிறி இதழை எவரும் பார்க்கப்போவதில்லை.

அடுத்த முறை உங்கள் பிள்ளை குறைந்த மதிப்பெண்ணுடன் வீட்டுக்கு வந்தால், 'ஏன் விழுந்தாய்?' என்று அதட்டாமல், 'எந்த இடத்தில் விழுந்தாய், காட்டு' என்று அருகில் அமர்ந்து கேளுங்கள். இரண்டாம் கேள்விக்குத்தான் பிள்ளை விடை சொல்லும்.