டியூ பாயின்ட் மீட்டர்: திரையில் தெரியும் எண்ணை எப்போது நம்பலாம்?

கம்ப்ரஸர் ரூமில் உள்ள மீட்டர் மைனஸ் 30 டிகிரி காட்டுகிறது. அதே மீட்டரோடு இணைந்த கன்ட்ரோல் ரூம் திரையில் மைனஸ் 40 என்று வருகிறது. குழாயில் போவது ஒரே காற்றுதான். மீட்டரும் பழுதில்லை, கேபிளும் பழுதில்லை. மெனுவில் ஒரு எண்ணை யாரோ மாற்றாமல் விட்டுவிட்டார், அவ்வளவுதான்.

மருந்து ஆலை, பேட்டரி தொழிற்சாலை, மருத்துவமனை ஆக்ஸிஜன் பிளான்ட் என எங்கே வேலைக்குச் சேர்ந்தாலும் இந்தக் கருவி ஒருநாள் உங்கள் பொறுப்புக்கு வரலாம். அதன் பட்டன்களும் மெனுவும் என்ன செய்கின்றன?

டியூ பாயின்ட் ஏன் முக்கியம்?

காற்றைக் குளிர்வித்துக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் அதிலுள்ள ஈரம் நீராகப் படியும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் 'வியர்ப்பது' இதனால்தான். அந்த வெப்பநிலைதான் டியூ பாயின்ட், அதாவது பனிநிலை. எண் எவ்வளவு கீழே போகிறதோ, காற்று அவ்வளவு உலர்வாக இருக்கிறது.

கொரோனா இரண்டாம் அலைக்குப் பிறகு, பிஎம் கேர்ஸ் நிதியில் மட்டும் நாடு முழுக்க 1,224 பிஎஸ்ஏ ஆக்ஸிஜன் பிளான்ட்டுகளுக்கு நிதி ஒதுக்கப்பட்டதாக 2021 அக்டோபரில் மத்திய அரசு சொன்னது. இவற்றில் நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொண்டு ஆக்ஸிஜனை வெளியே விடுவது ஜியோலைட் என்ற பொருள். ஆனால் ஜியோலைட்டுக்கு நைட்ரஜனைவிடத் தண்ணீர் மேல்தான் ஆசை அதிகம். ஈரக் காற்று உள்ளே போனால் அதைத்தான் முதலில் பிடிக்கும். ஆக்ஸிஜனின் தூய்மை குறையும். டிரையர் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சொல்ல இந்த மீட்டர் ஒன்றுதான் சாட்சி.

ஒரே காற்றுக்கு ஏன் பல எண்கள்?

முதலில் பார்க்க வேண்டியது யூனிட். ஃப்ராஸ்ட் பாயின்ட்டா, டியூ பாயின்ட்டா? பூஜ்ஜியத்துக்கு மேலே இந்தக் கேள்வியே இல்லை. கீழே போனால் இரண்டும் பிரியும். பனிக்கட்டியாகப் படிவதை வைத்துக் கணக்கிட்டு மைனஸ் 40 என வரும் காற்று, நீராகப் படிவதை வைத்துக் கணக்கிட்டால் சுமார் மைனஸ் 44 ஆகத் தெரியும். பிபிஎம்முக்கு மாற்றினால் அதுவே வெளிக்காற்றின் அழுத்தத்தில் ஏறக்குறைய 127.

அடுத்தது அழுத்தம். பலர் சறுக்கும் இடம் இதுதான். 7 பார் கேஜ் அழுத்தத்தில் பிளஸ் 3 டிகிரியாக இருக்கும் காற்றை, வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மாற்றிக் காட்டச் சொன்னால் மீட்டர் மைனஸ் 21-க்குப் பக்கத்தில் காட்டும். பார்க்க ரொம்ப நல்ல எண். ஐஎஸ்ஓ 8573-1 தரப்படி பிளஸ் 3 என்பது நான்காம் வகுப்பு, மைனஸ் 20 மூன்றாம் வகுப்பு. ஆனால் அந்தத் தரம் பார்ப்பது குழாய்க்குள் இருக்கும் அழுத்தத்தில் வரும் அளவை. மெனுவில் ஒரு வரி மாறியதால் உங்கள் காற்று ஒரு வகுப்பு மேலே போய்விடாது.

அழுத்தத்தைக் கையால் டைப் செய்யும் மாடலாக இருந்தால், அது கேட்பது கேஜ் அழுத்தமா, அப்சொல்யூட் அழுத்தமா என்றும் பாருங்கள். கேஜில் 7 என்றால் அப்சொல்யூட்டில் கிட்டத்தட்ட 8.

அந்த 10 டிகிரி எங்கே போனது?

மீட்டர் தன் அளவை 4 முதல் 20 மில்லிஆம்பியர் மின்னோட்டமாக அனுப்புகிறது. மீட்டரில் ரேஞ்ச் மைனஸ் 80 முதல் பிளஸ் 20 வரை என்றால், மைனஸ் 30 சரியாக நடுவில் வரும். எனவே 12 மில்லிஆம்பியர் போகும். கன்ட்ரோல் ரூம் பிஎல்சியில் மைனஸ் 100 முதல் பிளஸ் 20 என்று போட்டிருந்தால்? அதற்கு நடுப்புள்ளி மைனஸ் 40. ஈரக் காற்று உலர்ந்த காற்றாகப் பதிவாகும், அலாரமும் அடிக்காது.

இதைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். பல மீட்டர்களில் லூப் டெஸ்ட் என்ற மெனு இருக்கும். 4, 12, 20 என ஒவ்வொன்றாக அனுப்பச் சொல்லுங்கள். கன்ட்ரோல் ரூமில் இருப்பவரிடம் போனில், "என்ன காட்டுது?" என்று கேளுங்கள். ஆரம்பிக்கும் முன் அவரிடம் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் பிளான்ட் ட்ரிப் ஆகிவிடும்.

அலாரம் ஹையா, லோவா?

ஹை. மைனஸ் 40-ஐவிட மைனஸ் 30 பெரிய எண், அதாவது அதிக ஈரம். 'கெட்டது' என்றதும் லோ அலாரத்தில் மைனஸ் 40 போடுபவர்கள் உண்டு. அப்படிப் போட்டால் காற்று நன்றாக உலரும்போது மணி அடிக்கும், கெட்டுப்போனால் அமைதியாக இருக்கும்.

ஹிஸ்டெரிசிஸ் 2 டிகிரி வைத்தால், மைனஸ் 40-ஐத் தாண்டியதும் அடிக்கும் அலாரம் மைனஸ் 42-க்கு இறங்கிய பிறகே நிற்கும். இது இல்லாவிட்டால் எல்லைக்கோட்டில் விட்டுவிட்டு அடித்துக்கொண்டே இருக்கும். எரிச்சலில் யாராவது ஆஃப் செய்துவிடுவார்கள். ரிலேவை ஃபெயில்-சேஃப் முறையில் வையுங்கள். மீட்டருக்குக் கரன்ட் போனாலும் அலாரம் வர வேண்டும்.

திரை விஷயத்தில் சொல்ல அதிகமில்லை. ஒரு தசம இடம் போதும். ஆவரேஜிங் நேரத்தை ரொம்பக் கூட்டாதீர்கள். எண் ஆடாமல் அழகாக நிற்கும், டிரையர் டவர் மாறும்போது வரும் ஈர உச்சமும் மறைந்துவிடும். எல்லாம் முடிந்ததும் கீபேட் லாக் போடுங்கள்.

எண் இன்னமும் சந்தேகமாக இருந்தால் மெனுவை விட்டுவிட்டு சாம்பிள் குழாயைப் பாருங்கள். ரப்பர் ட்யூப் என்றால் வெளிக்காற்றின் ஈரம் அதன் சுவர் வழியே உள்ளே வரும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாற்றிவிட்டு, எண் இறங்கி நிலைக்கும் வரை காத்திருங்கள். மிக உலர்ந்த காற்றில் அதற்குச் சில மணி நேரம்கூட ஆகும். கேலிபரேஷனுக்குப் போய்த் திரும்பிய மீட்டர் ஃபேக்டரி செட்டிங்கோடு வந்திருக்கலாம் என்பதால், யூனிட், அழுத்தம், ரேஞ்ச், அலாரம் நான்கையும் அனுப்பும் முன்பே போனில் படம் எடுத்து வையுங்கள்.