ஹவாலா: ஃபிக்ஹு நூலிலிருந்து வங்கிப் பயிற்சிக்கூடம் வரை

இமாம் புகாரீ (ரஹ்) அவர்களின் ஹதீஸ் தொகுப்பில் வாடகை பற்றிய பகுதிக்கும் பிணை பற்றிய பகுதிக்கும் இடையே 'கிதாபுல் ஹவாலாத்' என்றொரு சிறு பகுதி உள்ளது. வசதியுள்ளவர் கடனைத் திருப்பித் தராமல் இழுத்தடிப்பது அநீதி என்றும், வசதியுள்ள இன்னொருவரிடம் கடனைப் பெற்றுக்கொள்ளுமாறு ஒருவர் மாற்றிவிடப்பட்டால் அதனை அவர் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தி அங்கே பதிவாகியுள்ளது. கடன்பட்டவருக்கும் கடன் கொடுத்தவருக்கும் ஒருசேர இலகுவாக்கித் தரும் ஏற்பாடு அது. அதே சொல் இன்று வங்கி ஊழியர்களுக்கான பணச் சலவைத் தடுப்புப் பயிற்சியில் எச்சரிக்கைச் சொல்லாகக் கற்பிக்கப்படுகிறது. இடையிலே நடந்தது என்ன என்பதை வரலாற்று நோக்கில் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஃபிக்ஹு நூல்கள் விவரிக்கும் ஹவாலாவில் மூவர் உண்டு. கடனை மாற்றிவிடுபவர் முஹீல். கடன் வரவேண்டியவர் முஹ்தால். இனி அதனைக் கொடுக்கப் பொறுப்பானவர் முஹால் அலைஹி. நம் கடலோர ஊர்களில் பெரிதும் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபின்படி முதலிருவரின் இசைவு போதுமானது. உள்நாட்டு ராவுத்தர் ஊர்களில் வழங்கும் ஹனஃபீ மத்ஹபோ மூன்றாமவரின் இசைவையும் கேட்கிறது. பொறுப்பேற்றவர் நொடித்துப்போனால் கடன் பழையவரிடமே திரும்பும் என்பது ஹனஃபீ அறிஞர்களின் கருத்து. திரும்பாது என்பது ஷாஃபிஈகளின் கருத்து. இவற்றினும் நம் பொருளுக்கு நெருக்கமானது ஷாஃபிஈ நூல்கள் விதிக்கும் மற்றொரு நிபந்தனை. மாற்றப்படும் கடனின் இனம், அளவு, தவணை ஆகியவை மாற்றுபவருக்கும் பெறுபவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். யாருடையது, எவ்வளவு, எப்போதைக்கு உரியது என்று அறியப்படாத கடனை மாற்றிவிட முடியாது.

ஓரூரில் கொடுத்த பணத்தை வேறோர் ஊரில் பெற்றுக்கொள்வதற்கு அக்கால வணிகர்கள் கையாண்ட கருவிக்கு 'ஸுஃப்தஜா' என்று பெயர். இன்று ஹவாலா என்று நாம் சொல்வது உண்மையில் இதற்கே நெருக்கமானது. 11, 12ஆம் நூற்றாண்டுகளில் எகிப்துக்கும் இந்தியக் கரைக்கும் இடையே வணிகம் செய்தோரின் கடிதங்கள் பழைய கெய்ரோவின் யூத ஆலயத்துக் கெனீஸா அறையில் கிடைத்தன. அவற்றை ஆராய்ந்த கொய்த்தைன், யூதரும் முஸ்லிம்களும் ஒரே முறைகளைக் கையாண்டு பணம் அனுப்பியதை எடுத்துக்காட்டினார். 11ஆம் நூற்றாண்டின் நடுவில் பஸ்ராவுக்குச் சென்ற நாஸிர் குஸ்ரவ், அங்குள்ள வணிகர்கள் தம் பொருளை நாணய மாற்றுநரிடம் ஒப்படைத்துச் சீட்டுப் பெற்று, கடைவீதியில் அச்சீட்டைக் கொண்டே கொள்முதல் செய்ததைத் தம் 'ஸஃபர்நாமா'வில் குறித்துள்ளார்.

இதனை ஃபிக்ஹு அறிஞர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவில்லை. பணத்தைக் கடனாகக் கொடுப்பவர் வழிப்பறி அபாயத்திலிருந்து தப்புகிறார். கடனால் அவருக்குக் கிடைக்கும் இந்த ஆதாயம் வட்டியின் சாயல் உடையதாகாதா என்று கேட்டனர். இதனை நிபந்தனையாக்கினால் கூடாது என்றனர் ஷாஃபிஈகள். ஹனஃபீகள் வெறுத்தனர். இப்னு தைமிய்யா போன்றோர் இரு தரப்பாருக்கும் பயன் என்பதால் அனுமதித்தனர். ஆக, பணம் அனுப்பும் முறையை ஐயத்தோடு ஆராயும் வழக்கம் 1989இல் பாரிஸ் நகரில் தொடங்கியதன்று. 'செக்' என்ற சொல் அரபியின் 'ஸக்'கிலிருந்தும், பிரெஞ்சு வங்கியாளரின் 'அவால்' ஹவாலாவிலிருந்தும் வந்தவை என்று நம்மவர் பெருமையோடு எழுதுவதுண்டு. சொல்லாராய்ச்சியாளரிடையே இவை கருத்து வேறுபாட்டுக்கு உரியவை. அந்தப் பெருமை இல்லாமலேயே நம் வாதம் நிற்கும்.

தமிழகத்தில் இதற்கு வழங்கிய பெயர் உண்டியல். வட இந்தியாவின் 'ஹுண்டி' தமிழில் உண்டியும் உண்டியலும் ஆயிற்று. கோயிலிலும் தர்காவிலும் பள்ளிவாசலிலும் காணிக்கையும் நன்கொடையும் இடும் பெட்டிக்கும் அதே பெயர். நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் உண்டியல்கள் இரங்கூன், கொழும்பு, பினாங்கு வரை செல்லுபடியாயின. காட்டியவுடன் பணம் தரவேண்டிய உண்டி, தவணை கழித்துத் தரவேண்டிய உண்டி என வகைகள் இருந்தன. 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தை இயற்றிய ஆங்கில அரசும், இந்நாட்டு மொழிகளில் எழுதப்படும் இத்தகைய ஆவணங்களுக்கு அந்தந்த வட்டார வழக்கே செல்லும் என்று முதற்பிரிவிலேயே ஒதுக்கீடு செய்தது. எழுத்தும் முத்திரையும் பேரேட்டுப் பதிவும் உடைய உண்டியல் அன்று முழுக்க முழுக்கச் சட்டபூர்வமானது. 1937இல் மு. சித. மு. சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று ஊர்களில் ஒரே நாளில் தொடங்கினார். அந்த வங்கி சென்ற தடம் உண்டியல் முன்பே போட்டுவைத்த தடம்தான்.

மாற்றம் 1939 செப்டம்பரில் நேர்ந்தது. போர் மூண்டதும் இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு வந்தது. போர் முடிந்த பின்னும் அது நீங்கவில்லை. 1947இல் தனிச் சட்டமாகி, 1973இல் மேலும் கடுமையான 'ஃபெரா'வாக உருக்கொண்டது. இலங்கையும் 1953இல் தனக்கென ஒரு செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை இயற்றியது. சிங்கப்பூரின் ராபிள்ஸ் பிளேஸிலும் பினாங்கின் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் தெருவிலும் நாணயமாற்றுக் கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம்கள் தந்தையர் செய்த தொழிலையே செய்து வந்தனர். எல்லைக்கு இந்தப் பக்கம் அதன் மறுபாதி சட்டவிரோதமாயிற்று. அரசு அறிவித்த மதிப்புக்கும் கடைத்தெரு மதிப்புக்கும் இடைவெளி விரிந்தபோதெல்லாம் உண்டியலுக்குக் கூட்டம் சேர்ந்தது. சட்டம் தடுத்த பிறகு முதலில் மறைந்தது எழுத்துதான். ஓலையும் பேரேடும் போய், நினைவில் வைத்த எண்ணும் அடையாளமாகக் காட்டும் பணநோட்டும் வந்தன. கணக்குத் தீர்க்கத் தங்கக் கடத்தல் துணைக்கு வந்தது. உழைத்த காசை வீட்டுக்கு அனுப்பியவரும் கடத்தல்காரரும் ஒரே வாய்க்காலில் கை நனைக்க நேர்ந்தது இவ்வாறே. 1974இல் பிறந்த 'காஃபிபோசா' தடுப்புக்காவல் சட்டத்தைத் தமிழகக் கடலோர ஊர்கள் நன்கறியும்.

செலாவணி மதிப்பே இதன் வேர் என்பதற்கு அண்மைக்காலச் சான்று இலங்கையில் உள்ளது. அங்கே 2020இல் ஏறத்தாழ 710 கோடி டாலராக இருந்த வெளிநாட்டுப் பணவரவு, ரூபாயின் மதிப்பைச் செயற்கையாக நிறுத்திவைத்த 2021இல் சுமார் 550 கோடி டாலராகச் சரிந்தது. உழைப்போர் திடீரெனக் குற்றவாளிகளாகிவிடவில்லை. உண்டியல்காரர் கூடுதலாகக் கொடுத்தார், அவ்வளவே.

உண்டியலுக்கு மதமில்லை என்பதற்கும் இலங்கையே சான்று. 1983க்குப் பின் புலம்பெயர்ந்த ஈழத்தமிழர்கள், போரினால் வங்கிச் சேவை முடங்கிய யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்கு உண்டியல் வழியாகவே சோறிட்டனர். கனடாவிலிருந்து இவ்வலைப்பின்னலை ஆராய்ந்து 2005இல் ஆய்வறிக்கை அளித்தவர்களுள் ஒருவர் கவிஞர் சேரன். விடுதலைப் புலிகளுக்கான நிதியும் வெளிநாடுகளில் திரட்டப்பட்டதே. தாய்க்கு அனுப்பும் பணத்தையும் ஆயுதத்துக்கு அனுப்பும் பணத்தையும் வாய்க்காலைப் பார்த்துப் பிரித்தறிய இயலாது.

'ஹவாலா' எனும் அரபுச் சொல் தமிழ் நாளிதழ்களின் முதற்பக்கத்துக்கு வந்தது 1990களில். 1991இல் காஷ்மீர்ப் போராளிகளுக்குப் பணம் சென்ற வழியைத் துப்பறிந்தபோது ஜெயின் சகோதரர்களின் நாட்குறிப்புகள் சிக்கின. அவற்றில் பல கட்சித் தலைவர்களின் பெயரெழுத்துகள் காணப்பட்டதாகச் சொல்லப்பட்டது. வழக்குகள் நீதிமன்றத்தில் நிலைக்கவில்லை. ஆனால் வினீத் நாராயண் வழக்கில் 1997 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மத்தியக் கண்காணிப்பு ஆணையத்துக்குச் சட்டத் தகுதி கிடைக்க வழிவகுத்தது. வழக்கில் தலைவர்கள் விடுபட்டார்கள், சொல் விடுபடவில்லை.

அடுத்த அடி 2001இல் விழுந்தது. ஜி-7 நாடுகள் 1989இல் அமைத்த நிதி நடவடிக்கைப் பணிக்குழு, போதைப்பொருள் பணத்தை மனத்திற்கொண்டு 1990இல் 40 பரிந்துரைகளை வகுத்திருந்தது. 2001 அக்டோபரில் பயங்கரவாத நிதி தொடர்பாக 8 சிறப்புப் பரிந்துரைகள் சேர்ந்தன. 2004இல் ஒன்பதாவதும் வந்தது. அவற்றுள் ஒன்று மாற்றுவழிப் பணம் அனுப்புதல் பற்றியது. மற்றொன்று அறக்கட்டளைகள் பற்றியது. 2001 நவம்பர் 7ஆம் நாள் சோமாலியர் நடத்திய 'அல் பரக்காத்' நிறுவனத்தின் அலுவலகங்களை அமெரிக்கா மூடி முத்திரையிட்டது. வங்கியே இல்லாத நாட்டுக்கு உயிர்நாடியாக இருந்த நிறுவனம் அது.

செப்டம்பர் 11 ஆணையத்தின் அலுவலர்கள் 2004இல் வெளியிட்ட தனி அறிக்கையை நம்மவர் பலர் படித்திருக்க மாட்டார்கள், படிக்க வேண்டியது. அல் பரக்காத் மீது குற்றவழக்கு எதுவும் நிலைநாட்டப்படவில்லை என்பதை அது பதிவு செய்கிறது. விமானக் கடத்தலாளர்களுக்குப் பணம் சென்றது வங்கிகளின் மின்வழி மாற்றங்கள், பயணக் காசோலைகள், கையில் கொண்டுவந்த ரொக்கம் ஆகியவற்றின் மூலமே. ஃபுளோரிடாவில் முறையான வங்கியில் தம் சொந்தப் பெயரிலேயே கணக்குத் தொடங்கியிருந்தார்கள். அத்தாக்குதலுக்கு முன் எந்த வங்கியும் அவர்களைப் பற்றிச் சந்தேக அறிக்கை அனுப்பவில்லை. அனுப்பும்படியான அசாதாரணம் அப்பரிமாற்றங்களில் இல்லை என்பதே அறிக்கையாளர்களின் முடிவு.

பயிற்சியின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. பணச் சலவை அழுக்கான பணத்தில் தொடங்கித் தூய்மையான தோற்றத்தில் முடிவது. பணம் வங்கிக்குள் நுழையும். பல கணக்குகளில் அடுக்கடுக்காக மாறும். முடிவில் சொத்தாகவோ தொழிலாகவோ கலந்துவிடும். பயங்கரவாத நிதியோ ஹலாலான சம்பளத்தில் தொடங்கி அழுக்கான நோக்கத்தில் முடியக்கூடும், தொகையும் சிறிது. முன்னதை அளவும் வேகமும் காட்டிக்கொடுக்கும்; பின்னதைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அரசு தரும் துப்பே. இரண்டையும் ஒரே பாடமாக ஓரிரு நாளில் நடத்தி முடித்தால், ஊழியர் மனத்தில் தங்குவது இடமும் உடையும் பெயரும்தான்.

இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2002 ஆகஸ்டிலும், விரிவாக 2004 நவம்பர் 29ஆம் நாளும் 'வாடிக்கையாளரை அறிந்துகொள்' சுற்றறிக்கைகளை வெளியிட்டது. சட்டவிரோதப் பணப் பரிவர்த்தனைத் தடுப்புச் சட்டம் 2002இல் நிறைவேறி, 2005 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன்படி மாதத்தில் 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்கப் பரிமாற்றங்களையும், தொகை எதுவாயினும் சந்தேகத்துக்குரியவற்றையும், 2004இல் அமைக்கப்பட்ட நிதிப் புலனாய்வுப் பிரிவுக்கு வங்கிகள் அறிவிக்க வேண்டும். அறிவித்த செய்தியை வாடிக்கையாளரிடம் சொல்லக்கூடாது. தவறான ஐயத்துக்கு ஆளானவர் தம் பெயரைத் தெளிவுபடுத்திக்கொள்ளக் கூட வாய்ப்பில்லாத ஏற்பாடு இது. அதனால்தான் ஐயம் கொள்பவரின் பயிற்சி இவ்வளவு முக்கியமாகிறது. ஊழியர்களுக்குத் தொடர்ந்து பயிற்சி தரவேண்டும் என்றும், வாடிக்கையாளரை நேரில் சந்திப்போர்க்கும் கண்காணிப்போர்க்கும் அது வேறுவேறாக அமைய வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி விதித்துள்ளது. இந்திய வங்கியியல், நிதியியல் கழகம் இதற்கெனச் சான்றிதழ்த் தேர்வும் நடத்துகிறது.

2004ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையில் இரண்டு இடங்கள் நம் கவனத்துக்கு உரியவை. கூடுதல் விசாரணைக்குரியோர் பட்டியலில் வெளிநாடு வாழ்வோர், நன்கொடை பெறும் அறக்கட்டளைகள், நெருங்கிய குடும்பப் பங்குதாரர் கொண்ட நிறுவனங்கள் ஆகியோர் இடம்பெற்றனர். வளைகுடாவில் உழைப்பவர், பள்ளிவாசல் ஜமாஅத், அண்ணன் தம்பியர் சேர்ந்து நடத்தும் கம்பெனி: நம் கடலோர ஊர் ஒன்றின் பொருளாதாரம் ஏறக்குறைய முழுவதும் இதில் அடங்கிவிடும். இவ்விதிகள் பொதுமக்களுக்கு, குறிப்பாக நலிந்தோர்க்கு, வங்கிச் சேவை மறுக்கப்படுவதில் முடியக்கூடாது என்ற வாசகமும் அதே சுற்றறிக்கையில் இருக்கிறது. முதல் இடம் பாடமாகிறது. இரண்டாவது இடம் அரிதாகவே பாடமாகிறது. ஒரு சட்ட நுணுக்கமும் உண்டு. 2000 ஜூனில் ஃபெராவின் இடத்துக்கு வந்த 'ஃபெமா', செலாவணி விதிமீறலைப் பொதுவாக அபராதத்துக்குரியதாகவே கருதுகிறது. உண்டியலில் வீட்டுக்குப் பணம் அனுப்பியவர் விதியை மீறியவர். அந்த ஒன்றினாலேயே பணச் சலவை செய்தவராகிவிட மாட்டார். இவ்வேறுபாட்டை அறியாத பயிற்சி குறைப்பயிற்சி.

இவ்வளவும் சொன்ன பின், நம் பக்கத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. திருமறையின் ஆக நீண்ட வசனம், அல்பகராவின் 282ஆவது, கடனை எழுதிவைப்பது பற்றியது. எழுத்தர், சாட்சிகள், தவணை, சிறு தொகையாயினும் சோர்வடையாமல் பதிதல் என அது விரிகிறது. எழுத்தில்லாத, யார் பணம் யாருக்குப் போகிறது என்று இடையில் உள்ளவரே அறியாத இன்றைய உண்டியலை, ஃபிக்ஹு நூலின் ஹவாலா என்று சொல்லி நியாயப்படுத்துவோர் அச்சொல்லுக்கு நாளிதழ்கள் இழைத்ததை விடப் பெரிய தீங்கை இழைக்கின்றனர். மாற்றப்படும் கடன் அறியப்பட்டதாக இருக்க வேண்டும் என்ற ஷாஃபிஈ நிபந்தனையை, வங்கியின் கேள்விப் படிவத்துக்கு அருகில் வைத்துப் பார்த்தால் இரண்டும் அவ்வளவு அந்நியமாகத் தோன்றா. ஐக்கிய அரபு அமீரகம் 2002 மே மாதத்தில் அபூதாபியில் மாநாடு கூட்டி, ஹவாலாதாரர்களை மத்திய வங்கியில் பதிவு செய்யும் வழியைத் திறந்தது. ஒழிப்பதை விட எழுத்துக்குள் கொண்டுவருவது மேல் என்று அங்கே முடிவாயிற்று.

பணிக்குழுவே பின்னர் தன் சொற்களைத் திருத்திக்கொண்டது. 2013இல் ஹவாலா பற்றி வெளியிட்ட அறிக்கையில் மரபுவழி நடத்துவோரையும் குற்றவாளிகளையும் வேறுபடுத்தியது. அறநிறுவனங்கள் அனைத்தும் எளிதில் தவறாகப் பயன்படுத்தப்படக் கூடியவை என்ற பொருள்படும் தொடரை 2016இல் நீக்கியது. 2010 முதல் அதன் உறுப்பினராக உள்ள இந்தியாவைப் பற்றி 2024இல் வெளியான மதிப்பீட்டு அறிக்கை, பொதுவாகப் பாராட்டிவிட்டு, வழக்குகள் முடியத் தாமதமாவதையும், அறநிறுவனங்கள் மீதான நடவடிக்கைகள் உண்மையான அபாயத்தின் அளவுக்கேற்ப அமைய வேண்டியதையும் சுட்டிக்காட்டியிருக்கிறது. ஆண்டு வரவு 10 லட்சத்தைத் தொடும் ஜமாஅத்துகளின் பொருளாளர்கள் தம் வங்கிக் கிளையின் மேலாளரைக் காணச் செல்லும்போது, தணிக்கை செய்த கணக்கோடு அந்தப் பக்கத்தையும் எடுத்துச் செல்லலாம்.