தலைக்குள் இருந்த கடை

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் என் மாமாவின் பலசரக்குக் கடை இருக்கிறது. 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு கொழும்புக்கு வந்து தொடங்கிய கடை. சில வருடங்களுக்கு முன்னர் ஒருநாள் அவருக்குப் பாரிசவாதம் வந்து பேச்சு நின்றது. ஒரு கிழமைக்குள் கடையும் ஏறத்தாழ நின்றது.

எந்த மொத்த வியாபாரிக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், எந்தத் திகதிக்குக் காசோலை எழுதியிருக்கிறார், மாதக் கடனுக்குச் சாமான் வாங்கும் வீடுகளில் யார் எவ்வளவு தரவேண்டும் என்பதெல்லாம் அவருடைய தலைக்குள்தான் இருந்தன. இரண்டு காசோலைகள் வங்கியிலிருந்து திரும்பின. கடன்காரர்களில் பலர் தாமாக வந்து கொடுத்தார்கள். சிலர் வீதியின் மற்றப் பக்கத்தால் போனார்கள்.

பேச்சு மெல்லத் திரும்பிய பிறகு, ஏன் ஒன்றையும் எழுதி வைக்கவில்லை என்று கேட்டேன். "எழுதி வைச்சால் ஆரும் வந்து எடுத்துக்கொண்டு போவாங்கள்" என்றார்.

அதைச் சோம்பேறித்தனம் என்று எழுதிவிட்டுப் போக என்னால் முடியவில்லை. 1983 ஜூலையில் இதே காலி வீதியில் தமிழர் கடைகளையும் வீடுகளையும் தேடி வந்தவர்களின் கைகளில் வாக்காளர் பட்டியல்கள் இருந்தன. பின்னர் பொலிஸ் பதிவு வந்தது. வீட்டில் யார் தங்கியிருக்கிறார்கள், எங்கிருந்து வந்தார்கள், ஏன் வந்தார்கள் என்று படிவம் நிரப்பினோம். 2007 ஜூன் 7 அதிகாலை வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை விடுதிகளிலிருந்து 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கும் வேறு இடங்களுக்கும் அனுப்பப்பட்டார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையத்தின் மனுவில் உயர் நீதிமன்றம் அடுத்த நாளே அதற்குத் தடை விதித்தது. பெயரும் எண்ணும் தாளில் இருப்பது ஆபத்து என்பதை எங்கள் வியாபாரிகள் பழகிக்கொண்டது இப்படித்தான்.

ஆனால் இதைவிடப் பழைய பழக்கம் ஒன்றும் எங்களிடம் இருந்தது. கொட்டாஞ்சேனையிலிருந்து கொஞ்சத் தூரத்தில் உள்ள செட்டியார் தெருவில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கடை வைத்திருந்த காலத்தில் முதலாளி பெரும்பாலும் ஊரில்தான் இருப்பார். கொழும்புக் கடையை நடத்துபவர் மூன்று வருடத் தவணைக்கு வரும் ஏஜண்டு. அவருக்குக் கீழே அடுத்தாள், கணக்கப்பிள்ளை, பெட்டியடிப் பையன் என்று ஆளுக்கொரு வேலை. வரவு செலவு பேரேட்டில் ஏறும், ஐந்தொகை கடல் கடந்து ஊருக்குப் போகும். தவணை முடிந்தால் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஏஜண்டு கிளம்புவார், கடை அடுத்தவரின் கையில் ஓடும். முகாமைத்துவ முறைமை என்று இன்று கட்டணம் வாங்கிக்கொண்டு கற்பிக்கும் விடயத்தில் பாதி இதுதான்.

மீதிப் பாதியைக் கொழும்பிலேயே வேறோர் இடத்தில் பார்க்கலாம். பொரளைப் பக்கமுள்ள காசல் வீதி மகளிர் வைத்தியசாலையில் 2000ஆம் ஆண்டளவில், வைத்தியர் விமல் கரந்தகொட பணிப்பாளராக இருந்தபோது, ஜப்பானியத் தொழிற்சாலைகளில் வளர்ந்த '5 எஸ்' முறையைக் கொண்டுவந்தார்கள். வேண்டாததை அகற்று, வேண்டியதற்கு ஓர் இடம் கொடு, துப்புரவாக்கு, அதையே விதியாக்கு, விதியைப் பழக்கமாக்கு என்ற ஐந்து படிகள். பெரிய இயந்திரமோ புதுக் கட்டடமோ இல்லாமல் தொடங்கிய வேலை அது. அதை முன்மாதிரியாகக் கொண்டு 2007 முதல் ஜப்பானின் ஜைக்கா நிறுவனம் தன்சானியா உள்ளிட்ட ஆபிரிக்க நாடுகளின் வைத்தியசாலைகளுக்கும் இந்த முறையைக் கொண்டுபோனது. அரச அலுவலகங்களில் இன்று '5 எஸ்' பலகை தொங்குவதைக் கண்டிருப்பீர்கள். பலகை மட்டும் தொங்கும் அலுவலகங்களையும் கண்டிருப்பீர்கள்.

மாமியும் மச்சாளும் கடையைக் கையில் எடுத்தபோது நான் இவற்றைப் படித்துவிட்டுப் போய், அழகான படிவங்களை ஆங்கிலத்தில் அச்சடித்துக் கொடுத்தேன். ஒரு மாதத்தில் அவை சாமான் சுற்றும் தாள்களாகின. வேலை செய்பவர்கள் நாலு பேர். இரண்டு பேர் மலையகத்துப் பொடியன்கள், ஒருவர் சிங்களம் மட்டும் வாசிப்பவர். ஊடகக் கற்கைப் பட்டம் வைத்திருக்கும் நான் யார் வாசிப்பார்கள் என்று யோசிக்கவில்லை. மச்சாள் எல்லாவற்றையும் கிழித்துப் போட்டுவிட்டு, தமிழும் சிங்களமும் எழுதிய மூன்று கொப்பிகளோடு மறுபடி தொடங்கினாள்.

ஒரு கொப்பியில் சாமான் வரவு. மற்றையதில் கடன், வீட்டுக்கொரு பக்கம், ஒவ்வொரு முறையும் வாங்குபவரின் கையொப்பம். மூன்றாவது காசோலைக் கொப்பி, திகதி வரிசையில். இரவு பூட்டுமுன் பெட்டிக் காசை எண்ணி எழுதக் கால் மணித்தியாலம் போகும். திங்கள் காலை எல்லோரும் நின்றபடியே கதைப்பார்கள்: எது முடிந்தது, எது தேங்கியது, யாருக்கு லீவு வேண்டும்.

எப்போது ஓடர் கொடுப்பது என்பதற்கும் ஒரு கணக்கு வந்தது. சீனி நாளொன்றுக்கு 6 பைக்கட் போகிறது. ஓடர் கொடுத்தால் வர 4 நாள். பிந்தினால் சமாளிக்க இன்னும் 2 நாள். ஆகவே தட்டில் 36 பைக்கட் ஆனதும் சொல்ல வேண்டும். தட்டின் அந்த உயரத்தில் சிவப்பு நாடா ஒட்டினார்கள். நாடா தெரிந்தால் யாரும் சொல்லலாம், வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை. எனக்குப் பிடித்தது இந்த நாடாதான். 2022இல் விலை கிழமைக்குக் கிழமை ஏறியபோது மாமா கண்டபடி வாங்கி அடுக்கியதை நினைத்தால், நாடா எல்லாக் காலத்துக்கும் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும்.

கடினமாக இருந்தது வீட்டுக் காசையும் கடைக் காசையும் பிரிப்பது. லாச்சியில் கைவைத்து மீனுக்குக் காசு எடுப்பது முப்பது வருடப் பழக்கம். இப்போது மாமிக்குச் சம்பளம் இருக்கிறது. முதல் மாதம் அவர் அதை அவமானமாக நினைத்தார்.

எழுதாத கடையின் விலையை மாமா மட்டும் கொடுக்கவில்லை. ஒன்பது வருடம் வேலை செய்த பொடியனுக்கு ஊழியர் சேமலாப நிதி இல்லை. சட்டப்படி வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே அது உரித்து. 40,000 ரூபா சம்பளமென்றால் ஊழியரிடமிருந்து 8 வீதம், 3,200 ரூபா. முதலாளி 12 வீதம், 4,800 ரூபா. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி தனியாக 3 வீதம், 1,200 ரூபா. பெயர் எழுதப் பயந்தது எங்களைக் காப்பாற்றியிருக்கலாம். அதே பயம் அவனுடைய பணத்தைத் தின்றதும் உண்மை. பழைய வருடங்களுக்கும் சேர்த்துக் கட்டுவதைப் பற்றி வீட்டில் இரண்டு இரவு சண்டை நடந்தது. இப்போது தவணையாகக் கட்டுகிறார்கள்.

'வேண்டாததை அகற்று' நாளில் மேல் அறையைத் துப்புரவாக்கினோம். சந்தேகமான பொருளுக்கெல்லாம் சிவப்புச் சீட்டு ஒட்டி, ஒரு மாதம் யாரும் தேடாவிட்டால் வெளியே போடுவது முறை. உடைந்த தராசு, காலாவதியான பிஸ்கற் பெட்டிகள், பழைய கலண்டர்கள். அவற்றுக்கடியில் பொலித்தீன் பையில் ஒரு கட்டுப் பொலிஸ் பதிவுப் படிவப் பிரதிகள். வெளிநாடு போகக் காத்திருந்து அந்த அறையில் தங்கியவர்களின் பெயர்கள். எதையும் எழுதி வைக்காத மாமா அதை மட்டும் வைத்திருந்திருக்கிறார்.

மச்சாள் சிவப்புச் சீட்டை ஒட்டினாள். மாமா மேலே ஏற முடியாதவர். பையைக் கீழே கொண்டுவரச் சொல்லி, இடது கையால் சீட்டைக் கழற்றினார். இரண்டு பேர் வெளிநாடு போய்ச் சேரவில்லை, அவர்களைத் தேடி யாரும் வந்தால் காட்ட வேண்டும் என்றார். பை இப்போது கடன் கொப்பிக்குப் பக்கத்தில், தனக்கென்று பெயர் எழுதிய தட்டில் இருக்கிறது.