மூட்டு தேய்ந்தவர் குரூசர் ஓட்டலாமா?

போன வாரம் ஓபியில் 62 வயசுப் பெரியவர். மூட்டுத் தேய்மானம். எக்ஸ்ரேயை நான் பார்த்து முடிக்கிறதுக்குள்ளயே கேட்டார்: "டாக்டர், புல்லட்டை வித்துட்டேன். இனிமே பெரிய வண்டியே தொடக் கூடாதா?"

இதுக்குப் பதில் சொல்லக் கொஞ்சம் வரலாறு வேணும். வாங்க.

நம்ம திருவண்ணாமலையில், ரமணாசிரமம் பக்கம் வெளிநாட்டுக்காரர்கள் வாடகைக்கு எடுத்து ஓட்டும் என்ஃபீல்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பெயர்தான் இங்கிலாந்து. ராணுவம் 350 சிசி புல்லட்டை வாங்கியதை ஒட்டி, 1955ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. தொழிற்சாலை திருவொற்றியூரில்.

அந்தப் புல்லட் குரூசர் இல்லை. நிமிர்ந்து உட்காரும் வண்டி. ஸ்டார்ட் பண்றதே ஒரு சடங்கு. டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்து, ஆம்பியர் மீட்டர் முள்ளை நடுவுக்குக் கொண்டு வந்து, அப்புறம் மொத்த உடம்பையும் ஒரே காலில் போட்டு மிதிக்கணும். நேரம் தப்பினால் கிக்கர் திருப்பி அடிக்கும். மூட்டு தேய்ந்தவருக்கு இது ஆகவே ஆகாது.

குரூசர் ஆசை 90களில் லைட்னிங் 535ல் தெரிந்தது. பெரிசா போணியாகலை. 2002ல் வந்த தண்டர்பேர்ட்தான் நின்றது. 2008ல் ட்வின்ஸ்பார்க்: எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள். 2012ல் 500 சிசி.

2020 நவம்பரில் மீட்டியோர் 350. என் கணக்கில் பெரிய மாற்றம் இதுதான். எஞ்சினுக்குள் ஒரு பேலன்ஸர் ஷாஃப்ட் சுற்றி அதிர்வைக் குறைக்கிறது. சீட் உயரம் 765 மில்லிமீட்டர், அதனால் இரண்டு காலும் தரையில் நல்லா பதியும். எடை 191 கிலோ. ஸ்டார்ட்டுக்குப் பட்டன்.

2023ல் விற்பனைக்கு வந்த சூப்பர் மீட்டியோர் 650தான் நிஜமான பயில்வான். இரட்டை சிலிண்டர், 648 சிசி. சீட் இன்னும் தாழ்வு, 740. ஆனால் எடை 241 கிலோ! ஓடும்போது தெரியாது. சரிவில் நிறுத்திப் பின்னால் தள்ளும்போது முழங்கால்தான் தாங்கணும்.

இன்னொன்று. குரூசரில் கால் முன்னால் நீண்டிருக்கும். ஸ்பீடு பிரேக்கரில் சட்டென்று எழுந்து நிற்க முடியாது, அடி நேரே இடுப்புக்குப் போகும். ஷோரூமில் இதை யாரும் சொல்ல மாட்டாங்க.

அவரிடம் சொன்னது இதுதான்: "ஐயா, ஆறு வாரம் தொடைத் தசைக்குப் பயிற்சி செய்யுங்க. அப்புறம் 350ஐ ஓட்டிப் பாருங்க. 650 வேண்டாம். கிரிவலப் பாதைதானேன்னு ஹெல்மெட்டை வீட்டில் வைக்காதீங்க."

"சத்தம் பழைய மாதிரி வருமா டாக்டர்?" என்றார். வராது ஐயா.